முழுமையாகப் பார்வையிடப்பட்டது

எண்பதுகளின் நடுப்பகுதி. வீடியோ டெக் என்ற பெட்டி கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு வர ஆரம்பித்திருந்த சமயம். நான் விழுப்புரத்தில் குடியிருந்துகொண்டு திண்டிவனத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். காலை பாசஞ்சரில் போவேன், மாலை பாசஞ்சரில் திரும்புவேன். எந்த அலுவலகம், என்ன பதவி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது ஒருவர் மறுப்புக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதத்தில் என்னென்ன வரிகள் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மாதிரிக் கடிதங்களுக்கு இருபது வருஷம் வரைவு எழுதியவன் நான்.

பொது இடத்தில் வீடியோ காட்டினால் உரிமம் வாங்க வேண்டும் என்ற சட்டம் அப்போது புதிது. அந்தக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. கோப்பு வந்த வேகத்திலேயே ஒரு மனுவும் வந்தது. மனு கொடுத்தவர் திண்டிவனத்தில் சினிமா கொட்டகை வைத்திருந்தவர். ரயில்வே கேட் பக்கம் உள்ள ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் ஞாயிறு மதியம்தோறும் உரிமம் இல்லாமல் அயல்நாட்டுப் படம் காட்டுகிறார்கள், இளைஞர் சமுதாயம் சீரழிகிறது என்று எழுதியிருந்தார். இளைஞர் சமுதாயத்தின் மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று எனக்குத் தெரியும். அவருடைய கொட்டகையில் அவசர வழி இரண்டு. அதில் ஒன்றின் முன்னால் எப்போதும் சோடாப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். வருஷா வருஷம் உரிமம் புதுப்பிக்கும்போது, 'வழிகள் தடையின்றி உள்ளன' என்று எழுதியவனும் நான்தான். ஒரு தடவைகூட நான் அந்தப் பெட்டிகளை நகர்த்தச் சொன்னதில்லை. எழுதுவது சுலபமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மதியம் ஒரு போலீஸ்காரர், டீக்கடையில் பிடித்த இரண்டு சாட்சிகள், நான், ஆக நான்கு பேர் அந்தக் கடைக்குப் போனோம். சின்ன அறை. பதினைந்து பேர் தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ரயில்வே கேங்மேன்கள், ஒரு தையல்காரர், பக்கத்து மெஸ்ஸில் சமைக்கும் அம்மாள். டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக் கட்டில். அதில் தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்து ஒருவர் சாய்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு பொம்மைப் படம். பனைமர உயரத்துக்கு ஓர் இயந்திர மனிதன் மண்டி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் முழங்காலுக்குள் தலையை விட்டு ஒரு கிழவன் ஸ்பானரால் எதையோ திருகுகிறான். பேசுவது ஜப்பான் பாஷை. கட்டிலில் இருந்தவர் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாரு, முட்டியில பேரிங் பூடுச்சி. ஸ்பேர் இல்ல. கெழவன் இப்ப இன்னா பண்ணுவான்?"

"அதான் பின்னால பழைய மிஷின் ஒண்ணு கெடக்குதே. அதுலேர்ந்து கழட்டுவான்" என்றார் தையல்காரர்.

"கழட்ட மாட்டான். அந்த மிஷின்ல ஒக்காந்துகினு செத்தது யாரு? அவன் மவன்."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த நிமிஷத்தில்தான் நான் உள்ளே போய் சுவிட்சை அணைத்தேன்.

கடை தம்பியுடையது. கட்டிலில் இருந்தவர் அண்ணன். அண்ணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து, புகையும் எண்ணெய் ஆவியும் நெஞ்சைக் கெடுத்து, வேலைக்கு ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்து ஊருக்கு வந்தவர். கூட வேலை பார்த்த ஒரு ஜப்பான்காரர் தன் பாஷையையும் கொஞ்சம் கற்றுக்கொடுத்து, தன் ஊர் டி.வி.யில் வந்த தொடரைப் பதிவு செய்து இவருக்குக் கொடுத்திருக்கிறார். பதினேழு கேசட்டுகள் கையோடு வந்தவை. பதினெட்டாவது, கடைசிக் கேசட், பார்சலில் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த ஒன்றை அண்ணனும் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் போட்டார்கள். போட்டுப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அவரிடம் வாக்குமூலம் வாங்கியவன் நான். ஒரு மணி நேரம் பேசினார். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். இந்தத் தொடருக்கு முன்னால் ஜப்பானில் வந்த ராட்சத இயந்திரக் கதைகளில் எல்லாம் வாரம் ஒரு எதிரி வருவான், வாரம் ஒரு தடவை நாயகன் ஜெயிப்பான். இயந்திரத்துக்கு ஒரு கீறல் விழாது. பொம்மைக் கம்பெனிதான் பணம் போடும். படம் பார்க்கும் பிள்ளைகள் கடைக்குப் போய் அந்த இயந்திரப் பொம்மையைக் கேட்கும், அவ்வளவுதான் கணக்கு. இந்தத் தொடரை எடுத்தவர்கள் அந்தக் கம்பெனியிடம் பணத்தை வாங்கிக்கொண்டு வேறு கதை எடுத்துவிட்டார்கள். இதில் இயந்திரம் என்பது ராணுவத் தளவாடம். துருப்பிடிக்கும், எண்ணெய் ஒழுகும், சண்டை நடுவில் நிற்கும். அதை ஓட்டுகிற நாயகன் ஒரு சின்னப் பையன், பயப்படுவான். நல்லவன் என்று நாம் நினைத்தவன் நாலாவது கேசட்டில் செத்துப்போவான். எதிரிப் பக்கத்திலும் ஒருத்தி தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து இயந்திரத்தில் ஏறுவாள். பொம்மை விற்கவில்லை. கம்பெனிக்காரனுக்குக் கோபம். தொடரைப் பாதியில் நிறுத்தப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் கடிதம் கடிதமாக எழுதி முடிவு வரைக்கும் கொண்டுபோனார்கள். இவ்வளவும் அந்த ஜப்பான்காரர் கப்பலில் அவருக்குச் சொன்னது.

"சார், கப்பல்ல எஞ்சின் நின்னா மேல கீற கேப்டனுக்குத் தெரியாது, கீழ கீறவனுக்குத்தான் தெரியும். இந்தப் படத்தை எடுத்தவன் கீழ எறங்கிப் பாத்தவன் சார்" என்றார்.

நான் வாக்குமூலத்தில் எழுதியது: 'ஜப்பான் நாட்டு பொம்மைப் படம் எனக் கூறுகிறார்.'

"சரி, ஆளுக்கு எவ்வளவு வாங்கற?" என்று தம்பியிடம் கேட்டேன். அப்போது அவர்களை ஒருமையில்தான் பேசினேன். எல்லோரையும் அப்படித்தான் பேசுவோம்.

"காசுலாம் இல்லீங்க சார். வர்றவங்க மல்லாட்டை வேவச்சி எடுத்துனு வருவாங்க. எல்லாரும் துன்னுகினே பாப்போம்."

கட்டணம் வாங்கவில்லை என்றால் வழக்கு நிற்காது என்று எனக்குத் தெரியும். மனுவைத் தள்ளுபடி செய்ய ஒரு பத்தி போதும். ஆனால் கொட்டகைக்காரர் எங்கள் மேலதிகாரி வீட்டு விசேஷத்துக்கு வந்துபோகிறவர். அதனால் நான் கைப்பற்றிய பொருட்களின் மகஜரில் ஒரு வரி சேர்த்தேன்: 'பார்வையாளர்களிடமிருந்து கட்டணம் பொருளாகப் பெறப்பட்டது.' சான்றாக, தட்டில் மிச்சமிருந்த வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஏறக்குறைய அரைப்படி, ஒரு துணிப்பையில் கட்டிக் கைப்பற்றப்பட்டது. டி.வி., டெக், பதினெட்டு கேசட்டுகள், ஒரு பை மல்லாட்டை. அந்த வரி எழுதியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கட்டிலில் இருந்தவர் ஒன்றுதான் கேட்டார். "சார், எல்லாத்தையும் எடுத்துக்கினு போங்க. அந்தக் கடைசி ஒண்ணை மட்டும் இப்படியே பாத்துட்டுக் குடுத்துடறோம். முக்கா மணி நேரந்தான்."

"ரூல்ஸ் இடம் கொடுக்காது" என்றேன். எந்த ரூல் என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. யாரும் கேட்பதில்லை, அதுதான் எங்கள் பலம்.

கைப்பற்றிய கேசட்டுகளில் ஆபாசம் உண்டா என்று பார்த்து அறிக்கை தர வேண்டும். விழுப்புரத்தில் எங்கள் மேலிடத்து அலுவலகத்தில் ஒரு டி.வி. இருந்தது, டெக் இல்லை. கைப்பற்றிய டெக்கைத் தொடக்கூடாது என்று ஒரு குறிப்பு. ஆகவே வாடகைக்கு ஒரு டெக் பிடித்தோம். வெளிநாட்டில் பதிவான நாடா நம் ஊர்ப் பெட்டிக்கு ஒத்துவராது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. படம் மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. அந்தத் தம்பி தன் டி.வி.யைத் திறந்து, உள்ளே எதையோ திருகி, கலர் போனாலும் போகட்டும் என்று படத்தை நிற்க வைத்திருக்கிறார். அவரைக் கூப்பிட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் சரிசெய்து கொடுத்திருப்பார். குற்றம் சாட்டப்பட்டவரைக் கூப்பிட முடியாது என்று அதற்கும் ஒரு குறிப்பு.

உருண்டு ஓடும் படத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது? முதல் கேசட் கால் மணி நேரம். அடுத்தது பத்து நிமிஷம். அப்புறம் போட்டதும் எடுப்பதுமாக ஆனது. பதினேழாவதை எடுக்கும்போது டெக் கொண்டுவந்த ஆள், ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குப் போக வேண்டும், ஜல்தி ஜல்தி என்று வயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். பதினெட்டாவதை நான் போடவே இல்லை.

அறிக்கையில் எழுதினேன்: 'ஒளிநாடாக்கள் ஒன்று முதல் பதினெட்டு வரை என்னால் முழுமையாகப் பார்வையிடப்பட்டன. ஆபாசம் ஏதும் இல்லை.' கையெழுத்து, தேதி, முத்திரை.

பிறகு நீதிமன்றத்துக்கு அனுப்ப மறுபடி முத்திரை வைக்க வேண்டும். பதினேழு கேசட்டுகளுக்கு அட்டைப்பெட்டி இருந்தது. பெட்டிமேல் சணல் கட்டி முடிச்சில் அரக்கு வைத்தேன். பதினெட்டாவது, டெக்குக்குள் இருக்கும்போதே பிடித்தது. அதன் பெட்டி எங்கேயோ விட்டுப்போயிற்று. பெட்டி இல்லை என்பதால் முத்திரை வைக்காமல் விட முடியுமா? கேசட்டின் மேலேயே சணலைச் சுற்றி, நாடா தெரியும் பக்கம் முடிச்சுப் போட்டு, மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி ஊற்றினேன். தாராளமாக ஊற்றினேன். அலுவலகத்தில் என்னளவு அழகாக அரக்கு முத்திரை வைக்கிறவர் கிடையாது என்று பெயர்.

வழக்கு ஏழெட்டு மாதம் நடந்தது. நீதிபதி வாதத்தைக் கேட்டதைவிட அந்தத் துணிப்பையைப் பார்த்ததுதான் அதிகம். உள்ளே இருந்தது பூஞ்சை பிடித்துத் தூளாகியிருந்தது. "இது என்ன?" என்றார். "கட்டணம்" என்றார் எங்கள் தரப்பு வக்கீல். நீதிமன்றம் சிரித்தது. தம்பி சிரிக்கவில்லை. அத்தனை மாதமாக அவர் கடையில் டி.வி. இல்லை. கேஸ் நடக்கிற கடையில் ரிப்பேருக்குக் கொடுக்க ஜனங்களுக்கும் பயம். விடுதலை, பொருட்களை உரியவரிடம் ஒப்படைக்கவும் என்று உத்தரவு ஆனது.

கேசட்டுகள் அண்ணன் பெயரில் இருந்தன. அவரால் எழுந்து வர முடியாது. ஆகவே நானே ஒரு மத்தியானம் கடைக்கு எடுத்துப் போனேன். அதே கட்டில். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் கை கூப்பினார். அதை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

"ண்ணா, வந்துடுச்சி. மொதல்ல கடைசியைப் போடறேன்" என்று தம்பி பதினெட்டாவதைக் கையில் எடுத்தார். சணலை அறுத்தார். அரக்கை நகத்தால் பெயர்த்தார். கேசட்டின் மூடியைத் தூக்கப் பார்த்தார், வரவில்லை. ஸ்குரு டிரைவரால் மெதுவாக நெம்பினார். பட்டென்று உடைந்தது. உள்ளே நாடா அரக்கோடு ஒட்டி, உருகிச் சுருங்கி, கல் மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அவர் ரிப்பேர் செய்ய முடியாது என்று கீழே வைத்த ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

"அரக்குக்கு பதிலா தாரு ஊத்தியிருக்கலாமே சார். இன்னும் ஸ்ட்ராங்கா இருந்திருக்கும்" என்றார்.

அண்ணன் அவரைக் கையமர்த்தினார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். எங்கள் அறிக்கையின் நகல். குற்றம் சாட்டப்பட்டவருக்கு நகல் தர வேண்டும் என்பது விதி. அந்த ஒரு விதியை நாங்கள் ஒழுங்காகப் பின்பற்றியிருந்தோம்.

"போனா போவுது சார். நீங்கதான் பதினெட்டும் முழுசா பாத்துட்டேன்னு எழுதிக்கீறீங்களே. படிச்சதும் சந்தோசமாப் பூட்டுது. ஊர்ல ஒரு ஆளாவது பாத்துக்கீறாரேன்னு. முடிவு இன்னா சார்?"

கேலி இல்லை. நிஜமாகக் கேட்டார். முகம் அப்படி இருந்தது.

என் அனுபவத்தில் எந்தக் கேள்விக்கும் ஒரு பதில் உண்டு. 'பரிசீலனையில் உள்ளது' என்று சொல்லலாம். 'மேலிடத்தைக் கேட்க வேண்டும்' என்று சொல்லலாம். இதற்கு ஒன்றும் பொருந்தவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நல்லபடியாகத்தான் முடிந்தது. அந்தப் பையன் ஜெயித்துவிட்டான். எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. தம்பி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நீங்க பாக்கல சார்" என்றார். "படம் எடுத்தவன் அப்டி முடிக்க மாட்டான். ஆளை வரிசையாக் கொன்னுகினே வந்தவன், கடைசியில வந்து பொய் சொல்லுவானா? என் கணக்குல கெழவன் ஒருத்தன்தான் மிஞ்சுவான். மவன் செத்த மிஷினைக் கடைசியில அவனே பிரிச்சி, நெட்டு போல்ட்டு எல்லாத்தையும் வரிசையா அடுக்கி வெப்பான். அப்டித்தான் இருக்கணும்."

பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்ளாமல் பையிலிருந்து ஒப்படைப்பு ரசீதை எடுத்து நீட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியாதபோது காகிதத்தை நீட்டுவது எங்கள் பழக்கம்.

அவர் அதைப் படித்தார். வரி வரியாகப் படித்தார். "'பதினெட்டும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு போட்டுக்கீது."

"அது படிவத்திலேயே அச்சடித்திருப்பது" என்றேன்.

"கையெழுத்துப் போடாதண்ணா" என்றார் தம்பி.

அண்ணன் பேனாவைக் கேட்டு வாங்கினார். "இருக்கட்டும்டா. சார் முழுசாப் பாத்தேன்னு போட்டாரு. நான் நல்லாக்கீதுன்னு போடறேன். ரெண்டு பேருக்கும் சரியாப் பூடுச்சி."

கையெழுத்துப் போட்டு மடித்துக் கொடுத்தார். அந்த ரசீதை நான் கோப்பில் சேர்த்தேன். கோப்பு முடிக்கப்பட்டது. அதில் ஒரு குறையும் எந்தத் தணிக்கையிலும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கவும் முடியாது.

அவர் அந்த வருஷம் தீபாவளியைப் பார்க்கவில்லை. மெஸ் அம்மாள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த அம்மாள் மூலமாகவே ஜப்பான்காரருடைய விலாசம் வாங்கி, வேறு பிரதி கிடைக்குமா என்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. அதோடு நான் கை கழுவிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பல வருஷம் எனக்குக் கொட்டகைக்காரர் மேல் கோபம். எங்கள் மேலதிகாரி மேல் கோபம். வயரைச் சுருட்டிய டெக்குக்காரர் மேல்கூடக் கோபம். ஓய்வு பெற்றபின் வேலை இல்லாமல் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது தெரிந்தது, அந்தக் காகிதங்கள் ஒன்றிலும் அவர்கள் கையெழுத்து இல்லை. எல்லாவற்றிலும் என்னுடையதுதான்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் அக்கா பேத்தியிடம், மண்டி போட்ட இயந்திரம், ஸ்பானர் வைத்திருக்கும் கிழவன் என்று அடையாளம் சொன்னேன். அவள் அரைமணி நேரத்தில் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்தாள். பெரிய பெயர் பெற்ற தொடராம். பின்னால் வந்த எத்தனையோ படங்களுக்கு அதுதான் ஆரம்பமாம். "தாத்தா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். கைப்பற்றியதால் தெரியும் என்று சொல்லவில்லை.

முதலிலிருந்து பார்த்தேன். கீழே ஆங்கில எழுத்து ஓடியது. படம் உருளவில்லை. கலரில் இருந்தது. அவர்கள் அந்த அறையில் கறுப்பு என்று நினைத்திருந்த இயந்திரம் நல்ல சிவப்பு. ஒரு நாளைக்கு இரண்டு பாகம் என்று, வேகமாக ஓட்டாமல், தாவாமல் பார்த்தேன்.

கடைசி பாகம் அவர் சொன்ன மாதிரி முடியவில்லை. கிழவன் அந்தப் பேரிங்கைக் கழற்றுகிறான். மகனுடைய இயந்திரத்திலிருந்துதான் கழற்றுகிறான். பையனின் இயந்திரம் எழுந்து நிற்கிறது. முகாமின் மேல் குண்டு விழுகிறது. முதலில் போகிறவன் கிழவன். பையன் மிஞ்சுகிறான், ஆனால் அந்த முழங்கால் மறுபடி உடைந்து நிற்கும்போது திருக யாரும் இல்லை. அவன் இறங்கி ஸ்பானரைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, எதைத் திருகுவது என்று தெரியாமல் நிற்கிறான். அவ்வளவுதான் முடிவு. பாட்டுக்கூட இல்லை.

அவர் இதை ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். கட்டிலில் இருந்தபடியே சண்டை போட்டிருப்பார். கிழவன் எப்படிக் கழற்றலாம் என்று தையல்காரரோடு வாரக்கணக்கில் தர்க்கம் பண்ணியிருப்பார். அந்த அம்மாள் அழுதிருப்பார். மூச்சு கொஞ்சமாக மிச்சமிருந்த ஒரு மனிதனுக்கு அந்தச் சண்டை கிடைத்திருக்கும். அதைத்தான் நான் அரக்கு ஊற்றி மூடினேன்.

மறுநாள் ஒரு முழுத்தாள் எடுத்து அறிக்கை எழுதினேன். படிவம் எனக்கு மனப்பாடம். 'ஒளிநாடா எண் பதினெட்டு. என்னால் முழுமையாகப் பார்வையிடப்பட்டது.' அதன் கீழே, காட்சி காட்சியாக, இரண்டு பக்கம். கடைசியில், முன்பு அளித்த அறிக்கை பொய் என்றும், இதுவே மெய் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முத்திரை இல்லை, அது அரசாங்கத்துடையது. கடை விலாசத்துக்குத் தம்பி பெயர் போட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

எட்டு நாள் கழித்து ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. தம்பியின் கையெழுத்து, வயதானதால் கொஞ்சம் கோணியிருந்தது. வேறு ஒரு வார்த்தை இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதை வைத்திருக்கிறேன். மின்சார அலுவலகத்திலோ வங்கியிலோ ஒரு படிவத்தை நீட்டி, 'படித்துப் பார்த்தேன் என்று இங்கே ஒரு கையெழுத்து, சும்மா ஒரு ஃபார்மாலிட்டி' என்று யாராவது சொன்னால், வரிசையில் எத்தனை பேர் நின்றாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். என் மேல் எனக்குள்ள கோபத்தில் கால்வாசிகூட அவர்களுக்கு என் மேல் இருக்காது.